மேட்டு வயலுக்கு நிவாரணம் இல்லை

உக்காருங்கம்மா, இங்க யாரும் வரல. ஜன்னலோரம் வேணும்னா நான் நகந்துக்குறேன். வெயிலு என்ன ஒண்ணும் பண்ணாது, வெயில்லயே கெடந்த ஒடம்பு. நீங்க எதுவரைக்கும்? அப்ப எனக்கு அப்புறம்தான் எறங்குவீங்க. நான் மேலக்கொத்தங்குடி, பாலத்து ஸ்டாப்பு. இன்னும் முக்காமணி நேரம் ஆவும்.

கலெக்டர் ஆபீஸ்லேருந்து வர்றேன். இன்னிக்குத் திங்கக்கிழமைல்ல, மனு குடுக்குற நாளு. காலையில ஆறரை பஸ்ஸுக்குக் கெளம்புனது, இப்ப மணி நாலாவப்போவுது. பச்சத்தண்ணி பல்லுல படல. வாசல்லயே போலீஸ்காரப் பொண்ணு பையத் தொறந்து காட்டச் சொல்லுது. மண்ணெண்ணெய் கொண்டாந்திருக்கேனான்னு பாக்குதாம். ஏன் தாயி, நான் கொளுத்திக்கவா வந்தேன், எனக்கு நாயம் கேக்க வந்தேன்னேன். அது சிரிக்கக்கூட இல்ல. எத்தன பையப் பாத்திருக்கும் பாவம்.

என்ன நாயமா? சொல்றேன். நீங்களே கேட்டுட்டுச் சொல்லுங்க, எம்மேல தப்பு இருந்தா.

எங்களுக்கு அஞ்சு மா நெலம். மூணு மா சேந்தா ஒரு ஏக்கரு, அப்படிக் கணக்கு வச்சுக்குங்க. எங்க மாமனார் பத்து மாவா வச்சிருந்தாரு. அவரு போனப்புறம் எங்க வூட்டுக்காரருக்கு அஞ்சு, எங் கொழுந்தன் கலியமூர்த்திக்கு அஞ்சுன்னு பிரிச்சாங்க. மூத்தவருங்கிறதால இவரு மேட்டுப் பக்கம் எடுத்துக்கிட்டாரு. மேடுன்னா மலையா? முக்கா அடி ஒசரம், அவ்வளவுதான். தம்பிக்குப் பள்ளத்துப் பக்கம் வந்துச்சு. ஆனா பாருங்க, வடிகா வாய்க்கா அவன் வயல ஒட்டித்தான் போவுது, ரோட்டுப் பாலத்து வரைக்கும். அது அவனுக்கு வசதிதானே? அப்பவே நான் சொன்னேன்.

கொழுந்தனுக்கு வெவசாயத்துல நாட்டமே இல்லம்மா. நாலு வருசம் பாத்தான், நாலு வருசமும் நஷ்டம்னான். திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனியில சேந்துட்டான். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வர்றதோட சரி. அவம் பொண்டாட்டி வேதவல்லிதான் ஒண்டியா நெலத்தப் பாக்குறா. எனக்கு ஓரகத்தி. ஒரு பொண்ணு இருக்கு, ஒம்பதாவது படிக்குது. வேதவல்லி கெட்டவன்னு சொல்லமாட்டேன். வாயாடி கெடையாது. அதான் அவகிட்ட எனக்குப் புடிக்காதது. மனசுல என்ன இருக்குன்னு வெளியில வராது.

இந்தக் கார்த்திகையில மழை புடிச்சுது பாருங்க, உங்களுக்கு டவுன்ல தெரிஞ்சிருக்கும். நாலு நாளு விடாம ஊத்துச்சு. நாப்பது நாளுப் பயிரு. தலைமேல தண்ணி நின்னா அஞ்சு நாளு தாங்கும், அப்புறம் அழுவிடும். வாய்க்காலோ ஓடல. பூரா ஆகாயத்தாமரை. அதுமேல ஆளு நடந்து போவலாம்போல மண்டிக் கெடக்குது, எட்டு வருசமா வெட்டல. எங்க வயலு, அவ வயலு, வாய்க்கா எல்லாம் ஒரே ஏரி மாதிரி நிக்குது. வரப்பே தெரியல.

ஊர்ல எல்லாரும் டீக்கடையில உக்காந்து, போச்சு போச்சுன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க. நான் இவரக் கெளப்புனேன். எந்திரிங்க, பயிரக் காப்பாத்துவோம்னேன். பக்கத்தூர்ல ராமநாதன்னு ஒருத்தன் ஆயில் இன்ஜின் வாடகைக்கு விடுறான், அவனக் கூட்டியாந்தேன். அவளுக்கும் எங்களுக்கும் நடுவுல இருக்குற வரப்ப ஒரு மொழம் ஒசத்தி மண்ணு அணைச்சோம். இந்த வயசுல அவரு இடுப்பளவு தண்ணியில நின்னு மண்ணு வெட்டிப் போட்டாரும்மா. அப்புறம் இன்ஜின வச்சு எறைச்சோம். மூணு நாளு, ராப்பகலா. சத்தத்துல காதே அடைச்சுப் போச்சு.

எங்க எறைச்சோம்னா கேக்குறீங்க? என்னம்மா கேள்வி இது. வரப்புக்கு அந்தாண்டதான். பள்ளம் அந்தப் பக்கம்தானே இருக்கு, அந்தப் பக்கம் தாண்டித்தானே வாய்க்கா இருக்கு. தண்ணி எங்கயாவது போயித்தானே ஆவணும்? நான் என்ன மடியில கட்டிக்கவா முடியும்?

ரெண்டாம் நாளு வேதவல்லி வந்து நின்னா. பொடவையத் தூக்கிச் சொருவிக்கிட்டு, கையில மம்புட்டியோட. இன்ஜின் தண்ணி விழுற எடத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம், "அக்கா, இந்தப் பக்கம் விழுவுதேக்கா"ன்னா.

"விழுந்து அப்படியே வாய்க்காலுக்குப் போயிடும்டி. எல்லாத் தண்ணியும் அங்கதானே போவணும்"னேன்.

"வாய்க்கா ஓடலையேக்கா."

"ஓடும் ஓடும். மழை விடட்டும்."

அவ்வளவுதான் பேச்சு. சண்டை போட்டாளா? இல்ல. தடுத்தாளா? இல்ல. வரப்ப வெட்டி விட்டிருந்தா நாங்க என்ன பண்ணியிருக்க முடியும்? அதையும் பண்ணல. நேரா வாய்க்காலுக்குப் போயி கழுத்தளவு தண்ணியில எறங்கி, தாமரைய இழுத்து இழுத்துக் கரையில போட ஆரம்பிச்சா. பள்ளிக்கூடம் லீவுங்கிறதால அந்தப் பொண்ணும் கரையில நின்னு வாங்கி வாங்கிப் போடுது. எனக்குச் சிரிப்பா வந்துச்சு. பாலம் வரைக்கும் மண்டிக் கெடக்குறத ஒருத்தி இழுத்து முடியுமா? பைத்தியக்காரத்தனம்தானே?

இதுல என்ன கூத்துன்னா, மூணாம் நாளு இவரும் இன்ஜின என்கிட்ட விட்டுட்டு வாய்க்காலுக்குள்ள எறங்கிட்டாரு. நம்ம வேலைய விட்டுட்டு அங்க ஏன் போறீங்கன்னு கத்துனேன். இன்ஜின் சத்தத்துல காதுல விழலைன்னு அப்புறம் சொன்னாரு. சாயங்காலம் வரைக்கும் இழுத்துட்டு வந்தாரு. ரெண்டு கையும் வெள்ளையா ஊறிப் போயிருந்துச்சு. சோறு போட்டேன், ரெண்டு வாயோட எந்திரிச்சுட்டாரு. அன்னியிலேருந்து இதப் பத்தி எங்கிட்ட ஒரு வார்த்த பேசுறதில்ல. இன்னிவரைக்கும்தான். ஆம்பளைங்க சிலபேரு அப்படி, ஒடம்பு அசந்துட்டா மொவத்தத் தூக்கி வச்சுக்குவாங்க.

தண்ணி வடிஞ்சுது. எங்க பயிரு தல காட்டுச்சு. கீழ்மூலையில கொஞ்சம் போச்சு, மத்தது பொழச்சுக்கிச்சு. அவளுது பன்னண்டு நாளு தண்ணியில கெடந்து, கையால தொட்டா வழுக்கிட்டு வர்ற மாதிரி அழுவிப் போச்சு. ஒரு தூரு பயிரு மிஞ்சல. நாத்தம் எங்க வயலு வரைக்கும் வீசுச்சு.

அப்புறம்தாம்மா கணக்கெடுக்க வந்தாங்க. வி.ஏ.ஓ. சாரு, தலையாரி, வெவசாய ஆபீஸ்லேருந்து ஒரு பொண்ணு, உங்க வயசுதான் இருக்கும். நல்ல பொண்ணு. செருப்பக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு சேத்துல எறங்குனுது. நாலு எடத்துல நின்னு பயிருத் தூர எண்ணுச்சு, போன்ல படம் புடிச்சுது. நான் கூடவே போயி, கீழ்மூலைய நல்லாப் புடிங்கம்மா, அங்கதான் பூரா போச்சுன்னு காட்டிக்கிட்டே வர்றேன். எல்லாம் முடிச்சுட்டு, "இருவத்தெட்டு சதவீதம் வருதும்மா"ன்னுச்சு.

"அப்ப எவ்வளவு குடுப்பாங்க?"

"முப்பத்திமூணுக்கு மேல போயிருந்தாத்தாம்மா நிவாரணம். அதுக்குக் கீழ இருந்தா வராது."

"மூணு நாளு எறைச்சு, எட்டாயிரம் ரூவாய டீசலுக்கும் வாடகைக்கும் கொட்டிக் காப்பாத்தியிருக்கோம். அதுக்குத் தண்டனையா?"ன்னேன்.

"தண்டனை இல்லம்மா. நல்லா காப்பாத்தியிருக்கீங்க"ன்னு அந்தப் பொண்ணு நெசமாவே சொல்லுது.

வி.ஏ.ஓ. சாரு இவரப் பாத்து, "என்ன தட்சிணாமூர்த்தி, பயிரு நிக்கிறது நல்லதுதானே? நீங்க சொல்லக்கூடாதா?"ன்னாரு. இவரு தலையக் குனிஞ்சுக்கிட்டே நிக்கிறாரு. அந்தப் பொண்ணு வரப்புல ஏறி நின்னு அவ வயலப் பாத்துச்சு. ஒரே மண்ணு, ஒரே மழை, இது ஏன் முழுசாப் போச்சுன்னு கேட்டுச்சு. தலையாரிதான், அது பள்ளம்மான்னான். எழுதிக்கிச்சு. நூறு சதவீதம்.

பொங்கலுக்கு முந்தி பட்டியலு ஒட்டிட்டாங்க. அவ பேரு இருக்கு, எங்க பேரு இல்ல. பதினோராயிரத்துச் சொச்சம், நேரா பேங்குக்கு வந்துடுச்சு அவளுக்கு. பாடுபட்டவ நானு, பணம் அவளுக்கு. இது எந்த ஊரு நாயம்? நீங்களே சொல்லுங்க.

ஆமா, எங்களுக்கு நெல்லு வந்துச்சு, இல்லைங்கல. மாவுக்கு ஏழு மூட்டை வர்ற எடத்துல அஞ்சு வந்துச்சு. அவளுக்கு ஒண்ணும் வரல, அதுவும் வாஸ்தவம்தான். ஆனா நெல்லு வேற, நிவாரணம் வேறல்ல?

மனசு ஆறாம ஒரு நாளு அவ வூட்டுக்கே போனேன். ஒண்ணுக்குள்ள ஒண்ணு, கேட்டா என்ன தப்புன்னு. "வேதவல்லி, ஒரே குடும்பம், ஒரே மழை. எங்களுக்கு இன்ஜின் செலவு மட்டும் எட்டாயிரம். உனக்கு வந்ததுல பாதி குடு, நாயமா இருக்கும்"னேன்.

என்னயே பாத்தா. அந்தப் பொண்ணு படிச்சிக்கிட்டு இருந்தது, பொஸ்தகத்த மூடிட்டு அதுவும் பாக்குது. ஏன் அப்படிப் பாக்கணும், நான் என்ன கொள்ளையடிக்கவா வந்தேன்? வேதவல்லி உள்ள போயி டீ போட்டுக் கொண்டாந்து வச்சா. "அக்கா, அந்தப் பணத்துல உளுந்து வெத வாங்கிட்டேன். ஒரு போகமாவது எடுக்கணும்ல. வெத கொஞ்சம் கூடத்தான் வாங்கியிருக்கேன், உங்களுக்கு வேணும்னா எடுத்துட்டுப் போங்க"ன்னா.

எனக்கு அது குத்தலாப் பட்டுச்சு. டீயக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன். வூட்டுக்கு வந்து இவருகிட்ட சொல்றேன், "பாத்தீங்களா உங்க தம்பி பொண்டாட்டிய, எனக்குப் பிச்ச போடுறா." இவரு கயித்துக்கட்டில்ல படுத்திருந்தவரு சொவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

அதுக்கப்புறம்தான் மனு எழுதுனது. எங்க வயல மறுபடி கணக்கெடுக்கணும், எங்களுக்கு அநியாயம் நடந்துட்டுதுன்னு. பக்கத்து வயலுக்கு நூறு போட்டதும் சரியில்ல, அதையும் பாக்கணும்னு ஒரு வரி சேத்தேன். என்ன பாக்குறீங்க? கோவத்துல எழுதுனதும்மா. கையெழுத்துப் போடுங்கன்னு இவருகிட்ட நீட்டுனேன். படிச்சுப் பாத்தாரு. மடிச்சு என் கையிலயே குடுத்துட்டு, "நீ வேணா போ"ன்னாரு. நாலு மாசத்துல அவரு இதப் பத்திப் பேசுன வார்த்த அது ஒண்ணுதான். சரின்னு நானே கையெழுத்துப் போட்டுட்டு வந்தேன்.

அங்க போனா பெரிய ஹாலு, பிளாஸ்டிக் நாற்காலி, நூத்துக்கணக்குல சனம். டோக்கன் குடுத்தாங்க, நூத்தி அறுவத்தி நாலு. கடைசி வரிசையில தூண் ஓரமா உக்காந்தேன். பன்னண்டு மணி இருக்கும், முன்னால பாத்தா ஒரு தலை தெரிஞ்ச தலையா இருக்கு. வேதவல்லி.

எங்க மேல பிராது குடுக்கத்தான் வந்திருக்கான்னு நெனச்சேன். ஏன் அப்படி நெனச்சேன்னு கேட்டா சொல்லத் தெரியல. நாங்க என்ன பண்ணிட்டோம்? ஆனா அதான் மொதல்ல தோணுச்சு. அவ நம்பரக் கூப்புட்டதும் நான் தூணுக்குப் பின்னால ஒதுங்கி நின்னுக்கிட்டு காதக் குடுத்தேன்.

அங்க இருந்த ஆபீஸரு வயசானவரு, குரலு கணீர்னு கேக்குது. "என்னம்மா, நிவாரணம் வரலையா?"

"வந்துடுச்சு சார்."

"வந்துடுச்சா? அப்புறம் எதுக்கு வந்தே?"

"வாய்க்கா வெட்டணும் சார். எட்டு வருசமாத் தாமரை மண்டிக் கெடக்கு. இந்த வருசம் நிவாரணம் குடுத்தீங்க, அடுத்த வருசமும் மழை வரும்ல சார். எனக்கு நிவாரணம் வேணாம், தண்ணி ஓடுனா போதும்."

அவரு பேப்பரப் புரட்டிப் பாத்துட்டு, "பக்கத்து நிலம் யாருது? அவங்களுக்குப் போகலையா?"ன்னாரு.

"எங்க அத்தான் நெலம் சார். அவங்க இன்ஜின் வச்சு எறைச்சுக் காப்பாத்திட்டாங்க."

"எறைச்ச தண்ணிய எங்க விட்டாங்க?"

நான் தூணப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். தூணு சில்லுன்னு இருந்துச்சு. அப்புறம் சொன்னா, "எல்லாம் மழைத் தண்ணிதான் சார்."

பாத்தீங்களா? அவ வாயாலயே வந்துடுச்சு. மழைத் தண்ணிதான்னு. நானும் அதத்தானே இத்தன நாளாச் சொல்றேன்!

அவரு ஏதோ எழுதுனாரு. "பக்கத்து நிலத்துக்காரங்க கையெழுத்தும் இருந்தா வேலை சீக்கிரம் நடக்கும்மா. வாங்கிட்டு வந்து வி.ஏ.ஓ.கிட்ட குடு"ன்னாரு. சரி சார்னு கும்புட்டுட்டு வந்தா.

அந்த நேரம் பாத்து மைக்குல நூத்தி அறுவத்தி நாலு, பவுனம்மாள், மேலக்கொத்தங்குடின்னு கூப்புடுறாங்க. நடந்து போனவ டக்குன்னு நின்னா. திரும்பி ஹாலு பூரா தேடுறா. ரெண்டாந்தரம் கூப்புட்டாங்க. மூணாந்தரம் கூப்புட்டாங்க. எனக்கு முட்டி வலிம்மா, சமயத்துல புடிச்சுக்கிட்டா ஒரு அடி எடுத்து வைக்க முடியாது. அதான் போவல. மனு பையிலயே கெடக்கு.

அவ என்னப் பாத்தாளா பாக்கலையான்னு தெரியல. நான் கேன்டீன் பக்கமா வெளியில வந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு வந்தா அங்க நிக்கிறா. நான் சர்பத்துக் கடைக்குப் பின்னால நின்னுக்கிட்டேன். ஒரு பஸ்ஸு வந்துச்சு, அவ ஏறல. வர்றவங்க மொவத்தையெல்லாம் பாத்துக்கிட்டே நிக்கிறா. ஒரு மணி நேரம் கழிச்சு அடுத்தது வந்துச்சு, பாதி பஸ்ஸு காலி. அதுலயும் ஏறல. யாருக்காக நின்னாளோ. மூணாவது பஸ்ஸுலதான் ஏறிப் போனா. அதுக்கு அடுத்த பஸ்ஸும்மா இது.

கையெழுத்துக்கு எப்படியும் வருவா. அந்தப் பொண்ணையும் கூட்டிக்கிட்டு வருவா. இவரு உடனே போட்டுக் குடுத்துடுவாரு, அது எனக்குத் தெரியும். போட்டுட்டு என்னப் பாப்பாரு. அதத் தாங்குறதுதாம்மா எனக்குப் பெரிய வேலையா இருக்கு.

நீங்க ஒண்ணும் சொல்லாம வர்றீங்க. தப்புன்னு நெனைக்கிறீங்களா? சொல்லுங்க, பரவால்ல. இல்ல, வேணாம், சொல்லாதீங்க.

ஒண்ணு சொல்றேன், உங்களோட போவட்டும். நீங்க எங்க ஊருக்கு வரப்போறதில்ல. அன்னிக்கு இன்ஜின எறக்கும்போது ராமநாதன் கேட்டான், "அக்கா, எங்கிட்ட எரநூறு அடிக்கு ஓஸ் கொழாயி கெடக்கு. அந்தம்மா வயல்ல விடாம ரோட்டுப் பாலத்துக்கு அந்தாண்ட கொண்டு போயி விட்டுடலாம், அங்க தாமரை இல்ல, ஓடிடும். ஓஸுக்கு ஒரு நாளைக்கு முந்நூறு ரூவா வாடகை. டீசலு கொஞ்சம் கூடக் குடிக்கும்"னான். அவரு தள்ளி மண்ணு வெட்டிக்கிட்டு இருந்தாரு, அவரு காதுல விழல. நாந்தான் வேணாம்னேன். முந்நூறு ரூவாம்மா. மூணு நாளைக்குத் தொள்ளாயிரம். இங்கயே விடு, அதெல்லாம் வடிஞ்சுடும்னேன். வடியாதுன்னு எனக்குத் தெரியும். பொறந்ததுலேருந்து வயல்ல கெடக்குறவளுக்குத் தண்ணி எங்க நிக்கும்னு தெரியாதா?

இத அவருகிட்டகூட நான் சொல்லல.

பாலம் வந்துடுச்சு. நகருங்கம்மா, வழி விடுங்க. அய்யோ, அங்க பாலத்துக் கட்டையில யாரு உக்காந்திருக்கா பாருங்க. அந்தப் பச்சப் பொடவ. அவதான். முன்னால வந்தவ வூட்டுக்குப் போவாம இங்கயே இருந்திருக்கா, பாருங்களேன்.

ஏம்மா, அடுத்த ஸ்டாப்பு எவ்வளவு தூரம் இருக்கும்? அங்க எறங்கி நடந்து வந்துடலாமா?

இல்ல, வேணாம். கண்டக்டரு தம்பி, நிறுத்தச் சொல்லுங்க. ஒரு ஆளு எறங்கணும்.